நம் வளவுகளைச் செப்பனிடும் முறை

(நமது சங்க மாதக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



நம் முன்னோர் கட்டிய வீடுகளைப் பழுதுபார்ப்பது குறித்துப் பேசும்படி காரியதரிசி அவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். யான் சிற்ப சாஸ்திரம் கற்றவனல்லேன். 11 புள்ளிகளுக்குப் பங்குள்ள ஒரு வீட்டின் ஒழுக்கை நிறுத்தப் புகுந்து, முதலில் கெடுத்து, பின்னர் ஒருவாறு திருத்தியவன். இவ்விடத்தில் நிற்பதற்கு எனக்குள்ள யோக்கியதை அவ்வளவே.

முகப்பு, வளவு, இரண்டாங் கட்டு, மூன்றாங் கட்டு என ஒரு வீதியில் தொடங்கி மறு வீதியில் முடியும் நம் பெரிய வீடுகளிற் பல, பர்மா முதலிய கடல் கடந்த நாடுகளில் ஈட்டிய பொருளால் எழுந்தவை. 1942-ல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றவே அவ்வருவாயின் ஊற்றுக்கண் அடைபட்டது. அதற்குப் பின் எத்தனையோ வீடுகள் பிரிக்கப்பட்டு, அவற்றின் தூண்களும் நிலைக்கதவுகளும் காரைக்குடிக் கடைகளில் விலைப்பொருள்களாயின. 2014-ல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்குரிய உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்க்கப்பட்டன. உலகம் காண வரும்போது காட்டுவதற்கு வீடு இருக்கவேண்டுமே!

எங்கள் வீட்டு முகப்பின் மேல்தளம் ஒழுகிற்று. தேக்கு உத்தரங்களின்மேல் செங்கற்களைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பிற் கட்டி, செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் இட்டு இடித்து, தட்டோடு பாவிய பழைய தளம் அது. ஒப்பந்தக்காரர் ஒருவர் சொற்கேட்டு அதன்மேல் 3 அங்குலம் சிமெண்டுக் காரை போட்டோம். உப்புப் பூத்த சுவர்களுக்கும் சிமெண்டே பூசினோம். முதல் மழையில் ஒரு சொட்டும் இல்லை. யான் அடைந்த பெருமிதத்தை இப்பொழுது நினைத்தால் நாணமாயிருக்கிறது. மூன்றாம் ஆண்டில் சுவருக்குள் புகுந்திருந்த உத்தரத் தலைகள் இரண்டு உளுத்துப்போயின. காரணம் யாதெனில், சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கினாலும் வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். சிமெண்டோ வெடிப்பின் வழியே நீரை உள்ளே விட்டுக்கொண்டு, வெளியேறும் வழியை அடைத்துவிடுகிறது. சுவரிலுள்ள உப்பும் பூச்சுக்குப் பின்னே திரண்டு அதைப் பொருக்குப் பொருக்காகத் தள்ளிவிடுகிறது. மேலே ஏற்றிய பாரம் வேறு.

அக்காரையைப் பெயர்த்தெடுக்கவே, போட்ட செலவுக்கு மேலாயிற்று. பின்னர் வயது முதிர்ந்த கொத்தனார் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். அவர் சுண்ணாம்பை நீற்றி, சலித்து, நெடுநாள் ஊறவைத்து, மணலுடன் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்துத் தளத்தை இடித்தார். சுவரின் கடைசிப் பூச்சுக்கு முட்டை வெண்கரு கலந்து, கண்ணாடிபோல் மின்னும்வரை கல்லால் தேய்த்தார். உளுத்த உத்தரங்களை முழுதும் மாற்றாமல், கெட்ட தலையை மட்டும் அறுத்துப் பழந்தேக்கால் ஒட்டுப் போட்டார் ஆசாரி.

புதுமை யாவும் ஆகாதென்பது என் அபிப்பிராயமன்று. நாம் போற்றும் ஆத்தங்குடிக் கல்லே சிமெண்டால் ஆனதுதான்! இத்தாலியச் சலவைக்கல்லையும் பெல்ஜியம் கண்ணாடியையும் கொணர்ந்த ஐயாமார்கள் புதுமைக்குப் பகைவர்களா? குளியலறை வேண்டுமா, மூன்றாங் கட்டில் கட்டிக்கொள்ளுங்கள். மின்சாரக் கம்பிக்காக வெண்பூச்சைக் கொத்தாதீர்கள். மரச்சட்டத்துள் வெளியே ஓட்டுங்கள். வளவின் வானவெளியை மட்டும் தகரத்தால் மூடவேண்டாம். வெப்பம் மேலேறிப் போவதும், உள்ளறைகளுக்கு வெளிச்சம் வருவதும் அதன் வழியே. அதை அடைத்தவர்கள் இப்பொழுது பகலிலும் விளக்கேற்றிக்கொண்டு புழுங்குகிறார்கள்.

இனி, மழையினும் கொடிய பகைவனைப் பற்றிச் சொல்லவேண்டும். அவரவர் இரட்டை அறைக்கு அவரவர் வர்ணம் அடிக்கிறோம். கூரைக்கு உடையவர் எவருமில்லை. எங்கள் பங்காளிகளுள் ஒருவர், "என் பங்கிலுள்ள தூணை நான் விற்றால் உங்களுக்கென்ன, அண்ணே?" என்றார். "தூண் உன் பங்கில் நிற்கிறது, தம்பி, அது தாங்கும் உத்தரம் என் பங்கில் அல்லவா கிடக்கிறது!" என்றேன். இரண்டு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. பின்னர் படைப்புக்கு அனைவரும் கூடியபோது ஓர் உடன்படிக்கை எழுதினோம். பங்கின்படி வருஷந்தோறும் ஒரு தொகை. மூவர் பெயரில் பாங்கிக் கணக்கு. படைப்பன்று கணக்கு வாசிப்பு. எல்லோருடைய கையெழுத்துமின்றி ஒரு சட்டமும் பெயர்க்கப்படலாகாது. முதலிற் கையெழுத்திட்டவர் அந்தத் தம்பியே.

அயலார் ஒருவர் பங்கொன்றை வாங்கிவிட்டால் என் செய்வது என்று கேட்கிறீர்கள். 1893-ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-வது பிரிவு இதற்கென்றே உள்ளது. பிரியாத குடும்பத்து வாசவீட்டின் பங்கை வாங்கிய அயலார் பிரிவினை கோரி வழக்கிட்டால், குடும்பத்துப் பங்குதாரர் எவரும் அதை வாங்கிக்கொள்ள முன்வரலாம். கோர்ட்டார் விலை மதித்து அவருக்கே கொடுக்கச் செய்வர். வக்கீலைக் கலந்துகொள்க.

வருகிற மாசியில் எங்கள் இரண்டாங் கட்டுக்கு ஓடு மாற்றப் போகிறோம். அந்தக் கொத்தனாரும் வருவார். அவருக்குப் பின் இவ்வேலை அறிந்தவர் எங்களூரில் இல்லை. வீடு பழுதுபார்க்கக் கருதுவோர் தங்கள் கொத்தனாரோடு, முடிந்தால் அவருடைய மகனையும் அழைத்துக்கொண்டு வந்து பார்க்கலாம். மத்தியானச் சாப்பாடு எங்கள் வளவிலேயே.