அச்சுத் தொழிலின் வகைகளும் அவற்றின் உபயோகமும்

(சிவகாசியில் நடைபெற்ற நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்றைய தினம் அச்சுத் தொழிலைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி நமது காரியதரிசியவர்கள் பணித்தார்கள். அச்சாபீஸ்கள் மலிந்த இவ்வூரில் அச்சைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகுமென்று முதலில் தயங்கினோம். ஆயினும், சென்ற மாதம் நிர்வாகக் கமிட்டியில் பிரஸ்தாபத்துக்கு வந்த ஒரு விஷயம் அத்தயக்கத்தைப் போக்கிவிட்டது. கல்வி நிதியிலுள்ள பணத்தைக் கொண்டு பழைய ஆப்செட் யந்திரமொன்றை வாங்கி, நமது மாத வெளியீட்டை அதிலேயே அச்சிட்டுக்கொள்வதோடு, வேலையற்ற வாலிபர்களுக்குத் தொழிலும் பயிற்றலாம் என்பதே அவ்விஷயம். நோக்கம் நல்லதே. ஆனால் அந்நிதியோ, ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கென்று நம் தாய்மார்கள் வீடுதோறும் சேர்த்துக் கொடுத்தது. ஆகையால், எவ்வகை அச்சு எவ்வேலைக்கு ஏற்றது என்பதை யாவரும் ஓரளவு அறிந்த பின்பே வாக்கெடுப்பில் கையை உயர்த்த வேண்டுமென்பது நமது கோரிக்கை.

அச்சு என்பது யாது? ஓரிடத்திலுள்ள மையை, வேண்டிய உருவத்தில் மட்டும், வேறோரிடத்தில் படிய வைப்பதேயாகும். இதற்கு வழிகள் ஒரு சிலவே. உருவம் மேடாக இருக்கலாம், பள்ளமாக இருக்கலாம், மேடும் பள்ளமுமின்றிச் சமமாக இருக்கலாம், துவாரமாக இருக்கலாம். இக்காலத்தில் அச்சுப் பலகையே இல்லாமலும் அச்சிடுகிறார்கள். இவ்வளவுதான் இரகசியம். மற்றவையெல்லாம் இவற்றின் கிளைகளே.

மேட்டச்சே இவற்றுள் நாம் முதலில் கற்றது. ரப்பர் முத்திரையைப் பார்த்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஜெர்மனியில் மைன்ஸ் நகரத்து கூட்டன்பர்க் என்பவர் தனித்தனி உலோக எழுத்துக்களை வார்த்துக் கோத்து, 1455-ஆம் வருஷ வாக்கில் பைபிளை அச்சிட்டு முடித்தார். நம் தாய்மொழியும் இதில் பின்தங்கியதன்று. 1578-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 20-ஆம் தேதியிட்டுக் கொல்லத்தில் அச்சான "தம்பிரான் வணக்கம்" என்னும் சிறு நூல் தமிழெழுத்திலேயே வெளிவந்தது. பிற்பாடு தரங்கம்பாடியில் சீகன்பால்கு பாதிரியார் அச்சுக்கூடம் வைத்தபொழுது, ஹாலே நகரிலிருந்து வந்த தமிழெழுத்துக்கள் பெரியனவாக இருந்து காகிதத்தை விழுங்கின. ஆதலால் சிறிய எழுத்துக்களை இங்கேயே வார்த்துக்கொள்ள நேர்ந்தது. காகிதத்தின் விலை அன்றும் அச்சடிப்பவரைத் துன்புறுத்தியதென்பது நமக்கு ஒருவகையில் ஆறுதலே.

நாம் சிறுபிள்ளையாக 1970-ஆம் வருஷ வாக்கில் அச்சாபீஸில் சேர்ந்தபோது, கேஸின் முன் நின்றுகொண்டு இடது கையில் ஸ்டிக்கைப் பிடித்து, வலது கையால் ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கிக் கோப்பதே வேலை. எழுத்துக்கள் இடம் வலமாகத் திரும்பியிருக்குமாதலால் தலைகீழாகப் படிக்கப் பழக வேண்டும். 1978-ஆம் வருஷம் தமிழ்நாட்டு அரசாங்கம் பெரியாரவர்களின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று, பழைய ணா, றா, னா வடிவங்களையும், ணை, லை, ளை, னை என்பவற்றின் கொம்புள்ள வடிவங்களையும் நீக்கியபொழுது கேஸில் சில அறைகள் காலியாயின. முதிய அச்சுக்கோப்பாளர் சிலர் முகம் சுளித்தனர். எமக்கோ, பொறுக்க வேண்டிய எழுத்துக் குறைந்ததென்ற சந்தோஷமே மிகுந்தது.

ஈய எழுத்தில் அச்சான தாளின் பின்புறத்தைத் தடவினால் மெல்லிய அழுத்தம் தெரியும். எழுத்தின் ஓரத்தில் மை சற்றே தடித்திருக்கும். புத்தகங்களுக்கு இம்முறை ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. ஆயினும் அவ்யந்திரங்கள் சாகவில்லை. ரசீதுப் புத்தகங்களுக்கு எண் குத்தவும், கிழிப்பதற்குத் துளை வரிசை இடவும், அட்டைப் பெட்டிகளை வடிவாக வெட்டி மடிப்புக்கோடு பதிக்கவும் அவை இன்றும் உழைக்கின்றன. இதே மேட்டச்சின் மற்றொரு பிள்ளை பிளெக்ஸோ என்பது. இதில் உலோகத்துக்குப் பதிலாக வளையும் ரப்பரோ பாலிமரோ தகடாக உருளையில் சுற்றப்பட்டிருக்கும். நீர்த்த மையை நுண்குழிகள் நிறைந்த வேறோர் உருளை அளந்து கொடுக்கும். மளிகைச் சாமான் வரும் பெரிய அட்டைப்பெட்டிகள், காகிதச் சாக்குகள், சுருளாக வரும் லேபில்கள் ஆகியவற்றில் காண்பது பெரும்பாலும் இதுவே.

இனி, இவ்வூருக்குச் சோறிட்ட சமதள அச்சைக் குறித்துச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

1796-ஆம் வருஷத்தை ஒட்டி, மூனிச் நகரில் அலாய்ஸ் செனபெல்டர் என்னும் நாடக ஆசிரியர், தம் நாடகங்களை அச்சிடப் பணமில்லாமல் தாமே வழிதேடிக்கொண்டிருந்தார். ஒருநாள் அவருடைய தாயார் சலவைக்குப் போட்ட துணிகளின் கணக்கை எழுதச் சொல்ல, காகிதம் அகப்படாமையால் பக்கத்திலிருந்த சுண்ணாம்புக்கல்லின்மீது மெழுகு கலந்த மையால் எழுதி வைத்தாராம். அதிலிருந்து பிறந்த ஆராய்ச்சியே கல்லச்சு, அதாவது லித்தோ. கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள இடம் நீரை ஏற்காது. நீர் ஊறிய இடம் எண்ணெய் மையை ஏற்காது. ஆகவே மேடு பள்ளம் வெட்டாமலே, கல்லை நனைத்து மை உருட்டினால் உருவத்தில் மட்டும் மை நிற்கும். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாதென்பது அடுக்களையில் நம் தாய்மார்கள் நாள்தோறும் காண்பதுதானே!

இராஜா ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சுக்கூடம் நிறுவி, லட்சுமி சரஸ்வதி படங்களை ஏழை வீட்டுச் சுவருக்கும் கொண்டு சேர்த்தது இக்கல்லச்சினாலேயே. நம் ஊரிலும், 1923-ஆம் வருஷத்தை ஒட்டித் தீப்பெட்டித் தொழில் காலூன்றிய பின், பெட்டிக்கு ஒட்டும் லேபிலுக்காக வெளியூரை நம்பியிராமல் இங்கேயே அச்சிட வேண்டுமென்ற அவசியமே லித்தோவை வரவழைத்தது. தீப்பெட்டி லேபிலிலிருந்து பட்டாசுச் சுற்றுக்கும், அதிலிருந்து காலண்டருக்கும், டயரிக்கும், பள்ளி நோட்டுக்கும் தொழில் பரவிற்று. ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடும் வழக்கத்தை அறியாதவர் இங்கு யாருமிலர்.

கல் எவ்வாறு ஆப்செட் ஆயிற்று? இங்கிலாந்தில் ராபர்ட் பார்க்கிளே என்பவர் 1875-ல் தகரத்தின்மீது அச்சிடுவதற்காக, கல்லிலிருந்து மையை இடையிலொரு பரப்பு வாங்கித் தகரத்துக்குக் கொடுக்கும் முறையைச் செய்தார். பின்னர் 1904-ல் அமெரிக்காவில் ஐரா ரூபெல் என்பவரது யந்திரத்தில் காகிதம் ஒருமுறை ஊட்டப்படாமல் தவறவே, உருவம் ரப்பர் போர்த்திய அழுத்து உருளையில் பதிந்தது. அடுத்த தாளின் பின்புறத்தில் அந்த ரப்பர் பதித்த உருவம், நேரே பதிந்ததைக் காட்டிலும் தெளிவாக இருந்ததாம். வேறொருவரானால் ஆளைத் திட்டித் தாளைக் கசக்கி எறிந்திருப்பார். அவர் அதனை உற்று நோக்கினார்.

இன்றைய ஆப்செட்டில் அலுமினியத் தகடு ஓர் உருளையிலும், ரப்பர்ப் போர்வை மற்றோர் உருளையிலும் இருக்கும். நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகள் சிறு சிறு புள்ளிகளாகப் படிந்தே எல்லா நிறங்களையும் தோற்றுவிக்கின்றன. காலண்டர்ப் படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் புள்ளிகள் பூவிதழ்போல் வட்டமிட்டு நிற்பது தெரியும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தகடு. இருபுறமும் பல வர்ணமானால் எட்டுத் தகடு. இங்கேதான் அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். நூறு பிரதி அச்சிட்டாலும் தகடு எட்டே. பதினாயிரம் அச்சிட்டாலும் எட்டே. தண்ணீரும் மையும் இணங்கி, நான்கு வர்ணமும் ஒன்றன்மேலொன்று சரியாக விழும்வரை நூறு தாளாவது வீணாகும். அந்நஷ்டம் பதினாயிரம் பிரதியில் மறைந்துவிடும். முந்நூறு பிரதியிலோ முதலையே தின்றுவிடும்.

பள்ள அச்சின் செலவு இதனினும் பெரிது. செம்பு பூசிய எஃகு உருளையில் உருவத்தை ஆயிரமாயிரம் நுண்குழிகளாகச் செதுக்கி, அது தேயாதிருக்கக் குரோமியமும் பூசுவார்கள். உருளை நீர்த்த மையில் சுழலும். மெல்லிய எஃகுக் கத்தி மேற்பரப்பை வழித்துவிடும். குழியில் நின்ற மையைக் காகிதமோ பிளாஸ்டிக்கோ உறிஞ்சிக்கொள்ளும். இதற்கு கிராவூர் என்று பெயர். ஓர் உருளைத் தொகுதி செய்வதற்குள் கைப்பணம் கரைந்துவிடுமாகையால், லட்சக்கணக்கில் வேண்டிய பிஸ்கோத்து, தேயிலை, நொறுக்குத்தீனிப் பொட்டலங்களுக்கே இது கட்டும். அப்பொட்டலங்களில் ஒளிபுகும் தாளின் உட்புறத்தில் உருவத்தைத் திருப்பி அச்சிட்டு, அதன்மேல் வேறொரு தாளை ஒட்டிவிடுவார்கள். மை இரண்டு தாள்களுக்கு நடுவே அகப்பட்டுக்கொள்வதால் கையிலும் ஒட்டாது, பண்டத்திலும் சேராது. எழுத்தின் ஓரம் ரம்பப்பல்போல் தெரிந்தால் அது பெரும்பாலும் கிராவூர் எனலாம். நமது ரூபாய் நோட்டில் காந்தியடிகளின் உருவம் விரலுக்குத் தட்டுப்படுகிறதே, அதுவும் பள்ள அச்சின் மற்றொரு வகை. கண்பார்வையில்லாதவர்க்கும் அது துணை செய்கிறது.

துவார அச்சுக்கு உவமை நம் வாசலிலேயே இருக்கிறது. துளையிட்ட தகரத்தில் மாவைப் பரப்பிக் கோலம் இடுகிறோமல்லவா? சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலையில், வேண்டாத இடத்தை அடைத்துவிட்டு, ரப்பர்ப் பட்டையால் மையை இழுத்தால் ஸ்கிரீன் அச்சு. மை தடிமனாக விழும். கல்யாணப் பத்திரிகை, பனியன், கண்ணாடிக் குப்பி, மின்சாரச் சர்க்யூட் பலகை என எதன்மீதும் அச்சிடலாம். குறைந்த முதலில் வீட்டிலேயே தொடங்கலாமாதலால் தாய்மார்கள் பலரும் இதில் இறங்குகின்றனர்.

இவ்விடத்தில் நம் சொந்த அனுபவமொன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். 1994-ஆம் வருஷம் மனையாளின் வளையல்களை அடகு வைத்துச் சிறியதோர் ஸ்கிரீன் அச்சகம் தொடங்கினோம். பக்கத்து ஊர்க் காராச்சேவுக் கடைக்காரர் ஒருவர் பிளாஸ்டிக் உறைகளில் பெயர் அச்சிடக் கொடுத்தார். பத்திரிகைக்கு வைத்திருந்த மையையே எடுத்து உறைமீது அடித்துவிட்டோம். பார்வைக்கு வெகு அழகு. கடையிலோ, சேவின் எண்ணெய்ப் பசையும் கை வியர்வையும் பட்டவுடன் சிவப்பெழுத்து உரிந்து வாங்குவோர் விரலில் ஏறிற்று. மூட்டை மூட்டையாக உறைகள் திரும்பி வந்தன. பிளாஸ்டிக்கின் வழுவழுப்பான பரப்பு முதலில் மின்சாரத்தால் பக்குவப்படுத்தப்பட வேண்டும், அதற்குரிய மையும் வேறு என்பதை நாம் அறியாதிருந்தோம். வளையல்கள் மீண்டு வர மூன்று வருஷங்கள் ஆயின. மனையாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சற்று லேசாக இருந்திருக்கும்.

உணவு என்றதும் ஒன்று. அச்சுமை உண்பதற்குரியதன்று. செய்தித்தாளில் வடையையும் பஜ்ஜியையும் பொதிவதை 2018-ஆம் வருஷத்து உணவுப் பொதிவு விதிகள் தடுத்திருக்கின்றன. எண்ணெய் பட்டால் மை பலகாரத்தில் இறங்குமென்பதை மேற்படி காராச்சேவே எமக்கு உபதேசித்துவிட்டது.

கடைசியாக, பலகையில்லா அச்சு. செஸ்டர் கார்ல்ஸன் என்னும் அமெரிக்கர் 1938-ஆம் வருஷம் அக்டோபர் 22-ஆம் தேதி, மின்னேற்றிய தகட்டில் ஒளியைக் கொண்டு எழுத்தைப் பதித்து, பொடி தூவிக் காகிதத்துக்கு மாற்றிக் காட்டினார். ஜெராக்ஸும், இன்றைய டிஜிட்டல் அச்சில் ஒரு பகுதியும் அதன் சந்ததியே. மற்றொரு பகுதி நுண்துளிகளாக மையைத் தெளிப்பது. தெருவிலுள்ள பிளெக்ஸ் பலகைகளும், பொட்டலத்தில் ஓடும்போதே விழும் தேதியும் விலையும் அவ்வழியே. தகடு இல்லை, தாள் வீண் இல்லை. முதற்பிரதிக்கும் கடைசிப் பிரதிக்கும் ஒரே செலவு. ஒவ்வொரு பிரதியிலும் வேறு வேறு பெயர்கூட அச்சிடலாம். ஆனால் பிரதிகள் ஆயிரக்கணக்காகப் பெருகினால் ஆப்செட்டோடு போட்டியிடல் அரிது.

இப்பொழுது யந்திர விஷயத்துக்கு வருவோம். நமது வெளியீடு மாதம் சில நூறு பிரதிகளே. ஒரு நாளில் முடியும் வேலைக்காக, எஞ்சிய நாளெல்லாம் யந்திரத்தையும், அதை ஓட்டத் தெரிந்த ஆளையும், மின்சாரத்தையும் சுமப்பது முறையன்று. வெளி வேலை பிடிக்கலாமென்பர். இவ்வூரில் நமக்கு முன்னே நூற்றுக்கணக்கான அச்சகங்கள் அவ்வேலைக்குக் காத்திருக்கின்றன, அவற்றுட் பல நம் அங்கத்தினருடையவையே. சங்கம் தன் பிள்ளைகளோடு போட்டியிடலாமா? வெளியீட்டை டிஜிட்டல் முறையில் வெளியே அச்சிட்டுக்கொண்டு, நிதியிலிருந்து வருஷத்துக்கு இரண்டு மூன்று பேரைத் தொழில் படிக்க அனுப்புவதே நலமென்பது நம் அபிப்பிராயம். சென்னை தரமணியில் அச்சுத் தொழிலுக்கென்றே டிப்ளமாப் படிப்பும், கிண்டி பொறியியற் கல்லூரியில் அச்சும் பொதிவும் சேர்ந்த பட்டப்படிப்பும் உள்ளன. பெண்பிள்ளைகளையும் அனுப்பலாம். கமிட்டியார் வேறு முடிவு செய்வராயின், பழைய யந்திரத்தைப் பேசி முடிக்குமுன் உருளைகளின் தேய்மானத்தைப் பார்க்க எம்மையும் ஒருமுறை அழைத்துப் போகுமாறு கேட்டுக்கொள்ளுகிறோம்; அதற்குக் கூலி வேண்டா.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை நமது அச்சகத்தில் யந்திரங்கள் ஓய்ந்திருக்கும். விருப்பமுள்ள வாலிபர்களும் குழந்தைகளும் வரலாம். ஆளுக்கொரு பூதக்கண்ணாடி எடுத்து வைக்கிறோம். வீட்டிலிருந்து ஒரு பிஸ்கோத்து உறை, ஒரு தீப்பெட்டி, ஒரு கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தால் எது எவ்வகை என்று பார்த்துச் சொல்லலாம். புதுச் சட்டை மட்டும் போட்டுக்கொண்டு வரவேண்டா. ஆப்செட் மை சலவைக்குப் போகாது.