எழுதிக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள்

(தென்காசி மாவட்டம், ஆலங்குளம் வட்டாரத்து ஊராட்சி ஒன்றில் 2025 மே 1 கிராம சபைக் கூட்டத்தில் ஊராட்சி மன்றத் தலைவர் பேசியது)

பெரியோர்களே, அண்ணாச்சிமார்களே, சுளகை வீட்டில் வைத்துவிட்டு இன்றைய பீடிக் கூலியை விட்டு வந்திருக்கிற அக்கா தங்கைமார்களே!

இன்று மே தினம். நம் ஊரில் பீடி சுற்றுகிற கையும் நூறு நாள் வேலைக்கு மண்வெட்டி பிடிக்கிற கையும் பெரும்பாலும் ஒரே கைதான். அதனால் சாலை, விளக்கு எல்லாவற்றையும் பின்னால் வைத்துக்கொண்டு முதலில் கூலியைப் பற்றிப் பேசுகிறேன்.

ஏப்ரல் 1 முதல் நூறு நாள் வேலைக்கு நம் மாநிலத்தில் ஒரு நாள் கூலி 336 ரூபாய். போன ஆண்டு 319 ஆக இருந்தது. உயர்ந்தது சந்தோஷம். ஆனால் செய்த வேலைக்கே பணம் வராமல் பொங்கல் கழிந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், நானும் மறக்கவில்லை. நவம்பர் கடைசியிலிருந்து தமிழ்நாட்டுக்கு 1,056 கோடி ரூபாய் கூலி வரவேண்டியிருக்கிறது என்று நம் முதலமைச்சர் ஜனவரியில் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மார்ச் மாதம் மாநிலம் முழுக்க ஆர்ப்பாட்டம் நடந்தது. அந்த நாட்களில் ஒரு அம்மா பாஸ்புக்கை முந்தானையில் முடிந்துகொண்டு தினமும் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலுக்கு வருவார். எதுவும் கேட்க மாட்டார். வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போவார். கூலி என்பது யாரிடமும் கெஞ்சி வாங்குகிற பணம் இல்லை, தாயி. 2005-ஆம் ஆண்டுச் சட்டம் அதை உரிமை என்று எழுதி வைத்திருக்கிறது. வேலை செய்து 15 நாளுக்குள் கூலி கைக்கு வர வேண்டும். தாமதமானால் அதற்கு இழப்பீடும் உண்டு.

அதே சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது, நம்மில் பலருக்குத் தெரியாது. வேலை கேட்டு எழுதிக் கொடுத்தால் 15 நாளுக்குள் வேலை தர வேண்டும். தரவில்லை என்றால் வேலையில்லாக் காலப் படி தர வேண்டும். முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்கு, அதற்கு மேல் பாதி. ஆனால் இந்தப் படி யாருக்குக் கிடைக்கும்? எழுதிக் கொடுத்தவருக்கு, அதிலும் தேதி போட்ட ரசீது கையில் இருப்பவருக்கு மட்டும்தான் கிடைக்கும். நாம் என்ன செய்கிறோம்? பணித்தளப் பொறுப்பாளரை வழியில் பார்த்தால், "அடுத்த வாரம் நம்ம பேரையும் போடும்மா" என்று சொல்லிவிட்டு வருகிறோம். அந்தப் பெண்ணும் சரி அக்கா என்கிறாள். இருவர் மேலும் தப்பில்லை. ஆனால் அந்தப் பேச்சுக்குச் சாட்சி ஏது? பதினாறாவது நாள் நீங்கள் எந்த ஆபீசில் போய் நிற்பீர்கள்?

இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஊராட்சியிடம் எதைக் கேட்டாலும் எழுதிக் கேளுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். இது என் ஊராட்சிக்கு எதிராக நானே உங்களுக்குச் சொல்கிற யோசனை. மனதாரத்தான் சொல்கிறேன்.

ஏன் இப்போது சொல்கிறேன் என்பதற்கும் காரணம் இருக்கிறது. பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்தைப் பாருங்கள், விருதுநகரைப் பாருங்கள். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 28 மாவட்டங்களிலும் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் இந்த ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அங்கே இன்று கிராம சபையை நடத்துவது தனி அலுவலர்கள். பாதியில் நின்ற வேலையைப் பற்றி வாய்வார்த்தையாகப் பேசி வைத்திருந்த ஊர்க்காரர், இப்போது அதை யாரிடம் போய் நினைவூட்டுவார்? நமக்கு 2021 அக்டோபரில்தான் தேர்தல் நடந்தது. நெல்லை, தென்காசி உட்பட 9 மாவட்டங்களில் எங்களுக்கு அடுத்த ஆண்டு அக்டோபர் வரை காலம் இருக்கிறது. நான் இந்த நாற்காலியில் எப்போதும் இருக்கப்போவதில்லை. யார் வந்தாலும், யாருமே வராமல் அதிகாரியே நடத்தினாலும், தீர்மானப் புத்தகத்தில் எழுதியது அழியாது. ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. நான் எந்தக் கட்சிக்காரி என்று பார்த்து நீங்கள் ஓட்டுப் போடவில்லை. அதே மாதிரி, யார் எந்தக் கட்சி என்று பார்த்து இந்த ஆபீசில் ரசீது கொடுக்கப்படாது.

இனி பீடிக்கு வருகிறேன். நம் அக்காமார்கள் இலையை நனைத்து வைத்து, தகடு வைத்துக் கத்தரித்து, தூள் போட்டுச் சுருட்டி, நூல் கட்டி, கட்டு கட்டாக அடுக்கிக் கடைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே கழிவு என்று கொஞ்சம் ஒதுக்குவார்கள். மீதிக்குப் பாஸ்புக்கில் வரவு வைப்பார்கள். அந்தப் பாஸ்புக் யார் பெயரில் இருக்கிறது என்று இங்கே உட்கார்ந்திருப்பவர்கள் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். மாமியார் பெயரில் பாஸ்புக், சுற்றுவது மருமகள். அக்கா பெயரில் பாஸ்புக், சுற்றுவது தங்கை. இருபது வருஷம் முதுகு வலிக்கச் சுற்றியும் ஒரு காகிதத்தில்கூடப் பெயர் இல்லாத பெண்கள் நம் கீழத் தெருவில் இருக்கிறார்கள்.

பெயர் ஏறினால் என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறவருக்கும் வருங்கால வைப்பு நிதி உண்டு என்று 1985-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பி.எஃப். பணம் என்பது உங்கள் கூலியிலிருந்து பிடிப்பது மட்டும் இல்லை, முதலாளியும் சேர்த்துப் போடுகிற பணம். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால் முக்கூடல் மத்திய அரசு மருத்துவமனையில் வைத்தியம் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு மத்திய அரசு கல்வி உதவித்தொகை இருக்கிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாயில் தொடங்கி, தொழிற்படிப்புக்கு 25,000 ரூபாய் வரை போகிறது. இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். அடையாள அட்டை இல்லாத வீட்டுக்கு அந்தக் கதவு திறக்காது. யாருக்கு அட்டை இல்லையோ அவர்கள் பெயரைத் தெருவாரியாக எழுதிக் கொடுங்கள். ஊராட்சித் தீர்மானமாகவே போட்டு, சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்புவோம். தனி ஒருத்தியாகப் போய் நின்றால் நாளைக்கு வா என்பார்கள். தீர்மானத்தோடு போகிற கடிதத்துக்குப் பதில் எழுதித்தான் ஆக வேண்டும்.

பிள்ளைகளின் பேச்சு வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூ ரிசல்ட் இந்த மாதம் வரப்போகிறது. ரிசல்ட் வந்த மறுநாளே பெண்ணைச் சுளகு முன்னால் உட்கார வைக்காதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கவும் தயாராக இருக்கிறேன். வீட்டுக் கஷ்டம் எனக்குத் தெரியாததில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் கல்லூரிக்கோ பாலிடெக்னிக்குக்கோ ஐ.டி.ஐ.க்கோ போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் விழும். போன டிசம்பர் 30-ஆம் தேதி தூத்துக்குடியில் இதை அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் விரிவாக்கினார்கள். பையன்களுக்குப் போன ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் இருக்கிறது. மருத்துவம், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம் தனி இடம் இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. இத்தனையும் இருந்தும் ஒரு பெண் வீட்டோடு நின்றால், அது நம் எல்லோருக்கும் தலைகுனிவு. சாதி, வருமானம், இருப்பிடம் என்று எந்தச் சான்றிதழுக்கு இ-சேவையில் போட்டாலும், விண்ணப்ப எண் போட்ட சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

அடுத்தது வீடு. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் போன ஆண்டு மாநிலம் முழுக்க 1 லட்சம் வீடு கட்ட அனுமதித்தார்கள். இந்த நிதியாண்டிலும் 1 லட்சம் வீட்டுக்கு 3,500 கோடி ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம், குறைந்தது 360 சதுர அடி. பட்டியலில் என் பெயர் ஏன் இல்லை என்று சில பேர் என்மேல் வருத்தத்தில் இருக்கிறீர்கள். நேராகவே சொல்கிறேன். குடிசையில் இருக்க வேண்டும், கணக்கெடுப்பில் பெயர் இருக்க வேண்டும், இடத்துக்குப் பட்டா இருக்க வேண்டும். நம் ஊரில் தடுக்குவது பட்டாதான். தாத்தா காலமாகி எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும், பட்டா இன்னும் அவர் பெயரிலேயே இருக்கும். நான்கு பேரப்பிள்ளைகள் நான்கு குடிசை போட்டிருப்பார்கள். யாருக்கு வீடு கொடுக்க முடியும்? அண்ணன் தம்பி மனஸ்தாபத்தை ஒரு மாதத்துக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, வாரிசுச் சான்றிதழ் வாங்கி, கூட்டாகவோ பிரித்தோ பெயர் மாற்ற மனுப் போடுங்கள். புறம்போக்கில் இருப்பவர்கள் தனியாக வந்து என்னைப் பாருங்கள். அது வருவாய்த் துறையோடு பேச வேண்டிய விஷயம். இன்றே முடியும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன்.

தண்ணீர். கோடை கடுமையாகத்தான் இருக்கிறது. ஜல் ஜீவன் திட்டப்படி ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் வர வேண்டும். மேலத் தெருவில் குடம் நிரம்பி வழிகிறது. கடைசித் தெருவில் குழாய் காற்று விடுகிறது. காரணம் உங்களுக்கே தெரியும். நடுவில் சில வீடுகளில் குழாயோடு மோட்டாரைச் சேர்த்து உறிஞ்சுகிறார்கள். நான் வீடு வீடாகப் போய் நேரிலேயே சொல்லிவிட்டேன். இன்று சபையிலும் சொல்கிறேன். அடுத்த வாரம் டேங்க் ஆபரேட்டரோடு வார்டு உறுப்பினரும் வருவார். மோட்டார் இருந்தால் இணைப்பு துண்டிக்கப்படும். யார் வீடு, என்ன சொந்தம் என்று பார்க்கப்படாது. மேல்நிலைத் தொட்டி கழுவிக் குளோரின் போட்ட தேதி இனிமேல் தொட்டித் தூணிலேயே எழுதப்படும், போகிற வழியில் பார்த்துக்கொள்ளுங்கள். வைகாசிக் கொடைக்கு வெளியூரிலிருந்து சொந்தபந்தம் வருவார்கள். அந்த மூன்று நாளைக்கு லாரித் தண்ணீர் ஏற்பாடு செய்ய விழாக் குழுவோடு பேசியிருக்கிறேன்.

குளத்துக்கு வருகிற வரத்துக்கால்களை மழைக்கு முன்னால் நூறு நாள் வேலையில் எடுத்து முடிக்க வேண்டும். எந்தக் காலை முதலில் எடுப்பது என்பதை என்னைவிட வயல் வைத்திருக்கும் அண்ணாச்சிமார்கள் நன்றாகச் சொல்வீர்கள். இங்கேயே சொல்லுங்கள், வரிசையை எழுதிக்கொள்வோம். விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் பதிவு நடந்தது. விட்டுப்போனவர்கள் பட்டா நகல், ஆதார், ஆதாரில் இணைத்த செல்போனோடு வேளாண்மைத் துறை ஆபீசில் உடனே விசாரியுங்கள். பிஎம் கிசான் 6,000 ரூபாய்க்கு அது தேவைப்படும்.

வரவு செலவு பேனர் ஆலமரத்தடியில் கட்டியிருக்கிறது. காசோலையில் நானும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் ஊராட்சிப் பணம் ஒரு ரூபாய்கூட வெளியே போகும். எனவே கேள்வி இருந்தால் எங்கள் இருவரையுமே கேளுங்கள். பேனரைப் படித்துவிட்டு டீக்கடையில் போய்ப் பேசுகிறவர்களையும் கேட்டுக்கொள்கிறேன், அதே கேள்வியை இங்கே எழுந்து கேளுங்கள். கேள்வி கேட்டவர் பெயரோடு தீர்மானப் புத்தகத்தில் பதிவாகும், அடுத்த ஆகஸ்ட் 15 சபையில் அதற்குப் பதிலை நான் வாசித்தாக வேண்டும்.

இடது பக்க மேஜையில் வேலை கேட்கும் விண்ணப்பப் படிவம் வைத்திருக்கிறோம். எழுத வராதவர்களுக்கு மகளிர் குழுப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். நீங்கள் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார்களா என்று ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்தோ கைநாட்டோ வையுங்கள். ஊராட்சிச் செயலர் முத்திரையும் தேதியும் போட்டு ரசீது கிழித்துத் தருவார். ரசீது வாங்காமல் யாரும் மேஜையை விட்டு நகர வேண்டாம். பீடி அட்டை இல்லாதவர்களுக்கு வலது பக்க மேஜை. கீழத் தெருவிலிருந்து தொடங்குவோம்.

அதற்கு முன்னால் செயலர் தீர்மானங்களை ஒவ்வொன்றாக வாசிப்பார். சம்மதம் இல்லாதவர்கள் கையைத் தூக்கி, எழுந்து, காரணத்தைச் சொல்லுங்கள். முதல் தீர்மானம், குடிநீர். வாசிங்க செயலர் சார்.