ஸ்பிரிங்குக்கு முன் டயர்

சுபாரு இம்ப்ரெசா என்றதும் கார் பந்தயம் பார்ப்பவர்களுக்கு நீல நிறக் காரும் பொன்னிறச் சக்கரங்களும் கண்முன் வரும். 1995-இல் காலின் மெக்ரே உலக ராலி சாம்பியன் ஆனது அந்தக் காரில்தான். சரளைக்கல் பாதையில் ஓடும்போது அந்தக் காரை உயர்த்தி, சின்னச் சக்கரம் மாட்டினார்கள். கோர்சிகா தீவின் தார்ச்சாலைக்குப் போனால் தாழ்த்தி, பெரிய சக்கரம் மாட்டினார்கள். எவ்வளவு தாழலாம் என்பதைச் சாலைதான் சொன்னது; பார்க்கிற கண் சொல்லவில்லை.

இன்று பழைய இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ் வாங்குகிறவர் மெக்கானிக்கிடம் எடுத்தவுடன் கேட்பது, "எத்தனை அங்குலம் இறக்கலாம்?" என்பதுதான். என்னைக் கேட்டால் ஓர் அங்குலம், அதாவது 25 மில்லிமீட்டர். அதற்கு மேல் இறக்குவது புகைப்படத்துக்கு ஆகும், ஓட்டுவதற்கு ஆகாது.

காரணம் முன்சக்கரத்தைத் தாங்கும் அமைப்பில் இருக்கிறது. மெக்பெர்சன் ஸ்ட்ரட் என்பார்கள். கீழே ஓர் ஆர்ம், மேலே தூணாக ஷாக் அப்சார்பர், அவ்வளவுதான். காரைத் தாழ்த்தினால் எடை மையம் இறங்கும், நல்லதுதான். ஆனால் கீழ் ஆர்மின் சாய்வும் மாறும். வளைவில் காரின் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ, அந்த ரோல் சென்டர், எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடும். இரண்டுக்கும் நடுவே தூரம் கூடக்கூட, காரைச் சாய்க்கும் நெம்புவிசையும் கூடும். கடினமான ஸ்பிரிங் அந்தச் சாய்வை மறைத்துவிடுவதால் ஓட்டுபவருக்குத் தெரிவதில்லை. ஆர்மின் சாய்வைத் திருத்த நீளமான பால் ஜாயின்ட்டும் விற்கிறார்கள். தாழ்த்த ஒரு செலவு, தாழ்த்தியதைத் திருத்த இன்னொரு செலவு!

ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுவது மலிவு. ஆனால் கார் கம்பெனி போட்ட ஷாக், உயரமான ஸ்பிரிங்குக்கு அளவெடுத்துச் செய்தது. குட்டை ஸ்பிரிங்கோடு சேர்த்தால் அதன் தண்டு எப்போதும் பாதி அமுங்கியே கிடக்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் ரப்பர் தடுப்பில் போய் இடிக்கும். இரண்டையும் ஜோடியாக வாங்குங்கள். பில்ஸ்டைன் கம்பெனியே பழைய உயரத்துக்கு பி6, தாழ்த்திய காருக்குக் குட்டையான பி8 என்று தனித்தனியாகச் செய்கிறது. உயரத்தை மரை திருகி மாற்றும் காயில்ஓவர் வசதியானதுதான். ஆனால் பனிக்காலத்தில் உப்புத் தூவும் ஊர்களில் அந்த மரை துருப்பிடித்து இறுகிவிடும்.

வேலை முடிந்ததும் ஆர்மில் உள்ள ரப்பர் புஷ்களின் போல்ட்டை, கார் தன் சக்கரத்தில் நிற்கும்போதுதான் முடுக்க வேண்டும். தூக்கி வைத்தபடியே முடுக்கினால் புஷ் முறுக்கியே கிடந்து சீக்கிரம் கிழியும். பிறகு வீல் அலைன்மென்ட். டயரின் உள்விளிம்பு தேய்ந்தால் எல்லோரும் கேம்பரை, அதாவது சக்கரத்தின் செங்குத்துச் சாய்வை, குற்றம் சொல்வார்கள். பெரும்பாலும் டயரைத் தின்பது டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம். ஹெட்லைட்டின் உயரத்தையும் மறக்காமல் சரிபாருங்கள்.

இனி டயர். நான்கு சக்கரமும் இழுக்கும் இந்தக் காரில் நான்கு டயரும் ஒரே சுற்றளவில் இருக்க வேண்டும். வித்தியாசம் கால் அங்குலத்துக்குள் இருக்கட்டும் என்கிறது சுபாரு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: டயரின் பட்டன் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தாலே சுற்றளவு 6 மில்லிமீட்டருக்கு மேல் குறைகிறது. கால் அங்குலம் அங்கேயே தீர்ந்துவிடும்! மீறினால், நேர்சாலையிலும், முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரிக்கும் நடு டிஃபரென்ஷியல் ஓயாமல் உழைத்துச் சூடேறும். ஒரு டயர் கிழிந்ததென்று ஒன்றை மட்டும் புதிதாக மாட்டுவது இந்தக் காரில் சிக்கனம் ஆகாது.

பெரிய சக்கரம் போடலாமா? 2002 மாடல் டபிள்யூஆர்எக்ஸ் அமெரிக்காவில் 205/55 ஆர்16 டயரோடு விற்கப்பட்டது. அதற்குப் பதில் 225/45 ஆர்17 போட்டால் விட்டம் இரண்டரை மில்லிமீட்டர்தான் கூடும். நல்ல பொருத்தம். ஆனால் இம்ப்ரெசாவின் எஸ்டிஐ மாடலின் சக்கரத்தை இரவல் வாங்கும் முன் போல்ட் வட்டத்தை அளந்துகொள்ளுங்கள். அந்த டபிள்யூஆர்எக்ஸில் அது 100 மில்லிமீட்டர். 2005 முதல் எஸ்டிஐயில் 114.3.

இன்னொன்று. நான்கு சக்கர இழுவை காரைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. பிரேக் மிதித்தால் காரைப் பிடிப்பது டயரின் ரப்பர்தான். கோடைக்கால டயர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகிப்போய்ப் பிடிமானத்தை இழக்கும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் சட்டப்படி கட்டாயம். நான்கு சக்கர இழுவை என்பதற்காக விலக்கு இல்லை.

கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், நேயர்களே, நல்ல டயர் நான்கு வாங்கிவிடுங்கள். ஸ்பிரிங்கை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.