மலைக்கு ஒரு குரல் வேண்டும்
(போடிநாயக்கனூர் பொதுக்கூட்டத்தில் பேசியது)



2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்தது. லயங்களில் தூங்கிய தேயிலைத் தொழிலாளர் குடும்பங்களை மண் மூடிற்று. மாண்டவரும் காணாமற்போனவரும் 70 பேர். பெரும்பாலோர் தமிழ் மக்கள். கரண்டு இல்லை, செல்போன் சிக்னல் இல்லை. மறுநாள் காலையில்தான் சேதி வெளியே வந்தது!

நம் போடியில் ஏலக்காய் விலை கம்ப்யூட்டரில் நொடியில் ஏறுகிறது. அதைப் பறிக்கும் பெண் வழுக்கி விழுந்தாலோ, சேதி சொல்ல சிக்னல் தேடி மேடேற வேண்டும். இது யாருக்கான விஞ்ஞானம்?

டவர் கரண்டில் ஓடுவது. பாட்டரி தீர்ந்தால் ஊமை. பழைய கம்பிப் போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே கரண்டு வரும். ஆனால் மண் சரிந்தால் கம்பி அறும். ஆகவே ஒன்றை மட்டும் நம்பியிருக்க முடியாது.

நாம் கேட்பது மூன்று: டவர்களுக்கு ஜெனரேட்டர், தோட்டந்தோறும் கம்பிப் போன், மழைக்காலத்தில் லயத்துக்கொரு வயர்லெஸ் செட்.

நாம் குடியிருப்பது தேனி ஜில்லா, கூலிக்குப் போவது இடுக்கி ஜில்லா. இரண்டு கலெக்டர்களிடமும் மனுக் கொடுப்போம். மில் தோழர்களே, மலையேறுவது உங்கள் தாய்மாரும் தங்கைமாருந்தான். நீங்களும் கையெழுத்திடுங்கள், கூட வாருங்கள்!