பகிடியும் வதையும்

(இளைஞர் மன்ற ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



எதைப் பற்றியும் பேசலாம் என்று காரியதரிசி அவர்கள் எனக்குச் சுதந்திரம் தந்தார்கள். பல்கலைக்கழக அனுமதி பெற்றிருக்கும் தம்பி தங்கைகள் சிலர் முன்வரிசையில் இருப்பதைக் காண்கின்றேன். ஆதலால் பகிடிவதையைப் பற்றிப் பேசத் துணிகின்றேன்.

பகிடி என்பது நமக்குப் புதியதன்று. மச்சான்மார் கூடினால் பகிடிக்குக் குறைவில்லை. ஒருவன் சொல்ல மற்றவன் திருப்பிச் சொல்வான், இருவருஞ் சிரிப்பார்கள். திருப்பிச் சொல்ல முடியாதவனிடத்துச் சொல்வதோ வதை. நோர்வேயில் இதனை ஆராய்ந்த டான் ஒல்வியூஸ் என்னும் அறிஞரும், தீங்கு செய்தல், அதைத் திரும்பத் திரும்பச் செய்தல், செய்பவனுக்கும் படுபவனுக்கும் பலம் ஒவ்வாதிருத்தல் என மூன்று அடையாளங் கூறினார். மூன்றாவதே முக்கியமானதென்பது என் அபிப்பிராயம்.

நான் மிஷன் பாடசாலையொன்றின் விடுதியில் இருந்து படித்தவன். எங்களோடு திக்குவாயுள்ள ஒரு மாணவன் இருந்தான். இராப் படிப்பு முடிந்து மேற்பார்வை ஆசிரியர் அப்பால் சென்றதும், மேல்வகுப்பு அண்ணன்மார் இருவர் அவனை வாங்கின்மேல் ஏற்றித் தன் பெயரையும் ஊரையும் சொல்லச் சொல்வார்கள். பெயரின் முதலெழுத்திலேயே அவன் நின்றுவிடுவான். மண்டபம் சிரிக்கும். நானும் சிரித்தேன். அவனை நான் அடிக்கவில்லை, ஏற்றிவிடவுமில்லை. ஆனால் அவனும் நானும் ஒரே ஊர். லீவுக்கு ஒரே பஸ்ஸில் வீடு செல்பவர்கள். ஒரு நாள் வாங்கின்மேல் நின்றபடி அவன் அந்த அண்ணன்மாரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். அடுத்த தவணை அவன் வரவில்லை. விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டிலே சொன்னானாம்.

பின்லாந்தில் கிறிஸ்தீனா சல்மிவல்லி என்பவரும் அவருடன் சேர்ந்தோரும் 1996 இல் வெளியிட்ட ஆய்வொன்றைப் பின்னாளிற் படித்தேன். கொடுமை செய்பவன், படுபவன் என்னும் இருவரோடு காரியம் முடிவதில்லை. கைகொடுப்பவர், சிரித்து ஊக்குவிப்பவர், ஒதுங்கி நிற்பவர், காப்பாற்ற வருபவர் எனப் பலர் சூழ இருக்கின்றனர் என்பது அதன் சாரம். அவ்வட்டவணையிலே என் இடத்தைத் தேட எனக்கு நேரஞ் செல்லவில்லை. கூட்டத்தின் மதிப்பைப் பெறவே பெரும்பாலும் இக்கொடுமை நடக்கின்றதென்றும், ஆகவே கூட்டத்தைத் திருத்துவதே வழியென்றும் கண்டு, அந்நாட்டுப் பாடசாலைகளில் அதற்கென ஒரு திட்டமும் வகுத்திருக்கின்றார்கள்.

“நாங்கள் பட்டோம், அவர்களும் படட்டும், பட்டால்தான் ஒற்றுமை வரும்” என்பார் உளர். 1975 இல் பேராதனை இராமநாதன் விடுதியில் பகிடிவதைக்கு அஞ்சி மாடியிலிருந்து குதித்த மாணவி நடக்க இயலாதவராகி, 2002 இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1997 இல் அங்கே பொறியியல் படிக்க வந்த தமிழ் மாணவரொருவர் கடும் தேகப்பயிற்சி செய்விக்கப்பட்டுச் சிறுநீரகம் பழுதாகி இறந்தார். இவர்கள் எந்த ஒற்றுமையைக் கண்டார்கள்? 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதைக்கு இரண்டாண்டு வரையும், பாலியற் தொல்லையோ கொடுங்காயமோ நேர்ந்தாற் பத்தாண்டு வரையும் சிறைத்தண்டனை விதிக்கின்றது. சட்டம் இருக்கின்றது; முறைப்பாடுதான் வருவதில்லை.

ஏன் வருவதில்லை? பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். பிள்ளை வாய்திறந்ததும் நம் வீடுகளிற் பிறக்கும் முதற் கேள்வி, “மற்றப் பிள்ளையள் எல்லாம் தாங்கேல்லையோ?” என்பது. அதன்பின் அப்பிள்ளை இரண்டாம் முறை சொல்லாது. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டுஞ் சொல்லும். அந்தச் சொல்லைக் கேட்டாற் சமையலை விசாரிக்கப் போகாமல், பிள்ளையின் பக்கத்தில் சற்று இருங்கள்.

இளைஞர்களே, பெருங்கூட்டத்தை எதிர்த்து நிற்கும் தைரியம் எல்லோருக்கும் வராது, எனக்கும் வந்ததில்லை. சென்ற வருடம் எங்கள் விடுதிக்குப் புதியவர்கள் வந்தபோது நானும் என் அறைத்தோழனும் செய்தது சிறு காரியமே. சிரிக்கவில்லை. கூட்டங் கலைந்தபின் அந்தத் தம்பியின் அறைக்குச் சென்று, “வாரும், சாப்பிடப் போவம்” என்று அழைத்தோம். மூன்றாம் நாள் வேறு நால்வர் எங்களுடன் வந்தார்கள். எங்களைச் சிலர் ஏசினார்கள். இன்றும் இருவர் பேசுவதில்லை. அது பெரிய நட்டமன்று.

சென்ற தைப்பொங்கலன்று என் பழைய தோழனைக் கோயில் வீதியிற் கண்டேன். மன்னிப்புக் கேட்கப் பல வருடமாய்ச் சேர்த்து வைத்த சொற்கள் ஒன்றும் வரவில்லை. அவனே பேசினான். “நீ சிரிச்சது எனக்கு ஞாபகம் இருக்கு மச்சான்” என்றான்; பிறகு என் அம்மாவின் சுகத்தை விசாரித்தான். இரண்டையுஞ் சொல்லி முடிக்க அவனுக்கு நெடுநேரஞ் சென்றது. நான் காத்திருந்தேன்.