கூரை மடங்கும் குடும்பக் கார்

பழைய காரொன்றைப் புதுப்பித்து வீதிக்குக் கொண்டுவரும் ஒருவரைப் பாராட்டும்போது, அநேகமாக அந்தக் காரின் வர்ணத்தைத்தான் பாராட்டுகிறோம். கண்ணாடி போல மின்னுகிறது என்கிறோம். சுற்றி வந்து படம் எடுக்கிறோம். உள்ளே எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் இந்தக் கலையின் கடினமான பகுதி கதவுக்கு உள்ளேதான் இருக்கிறது. அதை எப்படி மதிப்பிடுவது என்று இன்று பேசலாம். எடுத்துக்காட்டாக நமக்கெல்லாம் தெரிந்த ஒரு கார் போதும்: மொறிஸ் மைனர். அதிலும் துணிக்கூரை மடங்கும் மைனர்.

1948இல் இலண்டன் எர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மைனர் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ்; பின்னாளில் மினி காரை உருவாக்கியவரும் அவரே. உற்பத்திக்குச் சற்று முன்னர், காரின் அகலம் போதாது என்று அவருக்குத் தோன்றியது. மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாக வெட்டி, இடையில் 4 அங்குலம் விலக்கி வைத்துப் பார்த்தார். அந்த அளவு சரியாக அமைந்தது. மைனரின் முன்மூடியின் நடுவே தட்டையாக ஓடும் பட்டையைக் கவனித்திருப்பீர்கள். அந்த 4 அங்குலம்தான் அது.

முதல் நாளிலிருந்தே இந்தக் கார் மூடிய உடலோடும் துணிக்கூரையோடும் கிடைத்தது. கூரை திறக்கும் கார் என்றால் இரண்டு பேர் ஓடித் திரியும் விளையாட்டுக் கார்தான் நினைவுக்கு வரும். மைனர் அப்படியல்ல. தாய் தகப்பன் முன்னால், பிள்ளைகள் பின்னால் என்று நாலு பேர் போகலாம். 1951இல் பின் பக்கவாட்டிலும் நிலையான கண்ணாடி வந்த பிறகு மழைக்கும் பயமில்லை. 1969வரை இந்தத் துணிக்கூரை மைனர்கள் செய்யப்பட்டன. பிரித்தானியாவில் பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை முதலில் எட்டிய காரும் மைனர்தான்.

நமது இலங்கையில் மைனரின் பெருமையைச் சொல்லத் தேவையில்லை. 1990களில் போர் காரணமாகப் பெற்றோலுக்குத் தடை இருந்தபோது, யாழ்ப்பாணத்து வீதிகளில் மைனரும் ஒஸ்ரினும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலில் இயக்கிவிட்டுப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். அந்தக் கார்களை உயிரோடு வைத்திருந்த கைகள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. அவர்களை மனதில் வைத்துத்தான் நான் இதைச் சொல்கிறேன்.

துணிக்கூரைக் காரைப் புதுப்பிக்க இறங்குபவர் முதலில் இருக்கையைத் தொடக்கூடாது. தகரக் கூரை ஒரு காரின் பாரத்தைத் தானும் தாங்குகிறது. அது இல்லாதபோது முழுப் பாரமும் தரைக்கும், கதவுக்குக் கீழே ஓடும் வளைக்கும் வந்து சேரும். இதனால் தொழிற்சாலையே துணிக்கூரை மைனரின் அடித்தளத்தைக் கூடுதலாகப் பலப்படுத்தி அனுப்பியது. அந்த இடங்கள் துருப்பிடித்தால் காரின் நடுப்பகுதி மெல்லத் தாழும். இதை அறிய எளிய வழி உண்டு. கூரையை மடித்துவிட்டு, கதவுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். கீழே அகன்றும் மேலே ஒடுங்கியும் இருந்தால் உடல் தொய்ந்துவிட்டது. கதவுகளை அவற்றின் இடத்திலேயே வைத்து, உள்ளே குறுக்குக் கம்பி கொடுத்து, அதன் பிறகுதான் ஒட்டுவேலை செய்ய வேண்டும். இது முடியுமுன் குஷனுக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு சதமும் வீண்.

இன்னொரு எச்சரிக்கை. மூடிய மைனரின் கூரையை வெட்டித் துணி போட்ட கார்களும் சந்தையில் இருக்கின்றன. 1950களின் பிற்பகுதி முதல் வந்த அசல் துணிக்கூரைக் காரின் அடையாளத் தகட்டில் எம், ஏ, டீ என்ற மூன்று ஆங்கில எழுத்துக்களோடு இலக்கம் தொடங்கும். வாங்கு முன் அந்தத் தகட்டைப் பார்ப்பது நல்லது.

இனி உள்ளே வருவோம். இங்கே தேவைப்படும் முதல் திறமை, காரின் ஆண்டை வாசிப்பது. 1954வரை வேகமானி சாரதிக்கு நேரே இருந்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் அது டாஷ்போர்ட்டின் நடுவுக்கு வந்தது. 1956இல் இரண்டு துண்டு முன்கண்ணாடி ஒரே வளைந்த கண்ணாடியானது. திரும்பும்போது பக்கத்தில் நீண்ட கைகாட்டி 1961இல் போய், மின்னி மின்னி எரியும் விளக்கு வந்தது. 1964இல் இருக்கை உறை, ஸ்டியரிங் வளையம் எல்லாம் மாறின. டீலக்ஸ் வகைக்குத் தோல் உறை கிடைத்த காலமும் உண்டு. ஆகவே ‘மைனர் இருக்கை’ என்று கேட்டு வாங்கினால் போதாது. எந்த ஆண்டு, எந்த வகை என்று கேட்க வேண்டும். 1955ஆம் ஆண்டுக் காரில் 1966ஆம் ஆண்டு இருக்கையைப் போட்டால் கார் ஓடும். ஆனால் அதை அறிந்தவர் கண்ணுக்கு இரண்டும் ஒட்டாது.

பாகங்களை எங்கே தேடுவது? மைனர்காரர்கள் இந்த விஷயத்தில் அதிர்ஷ்டசாலிகள். இங்கிலாந்தில் மைனருக்கென்றே உறை, கம்பளம், கதவு அட்டை, க்ளவ் பாக்ஸ் உட்பெட்டி என்று புதிதாகச் செய்து விற்பவர்கள் இருக்கிறார்கள். பழைய அசல் பாகம்தான் வேண்டுமென்றால் சந்தைகள் உண்டு. ஹாம்ப்ஷயரின் பியூலியில் 1967இல் தொடங்கிய பழைய வாகனப் பாகச் சந்தை அவற்றுள் பேர்போனது. உடைந்த மூடிய மைனர் ஒன்றை வாங்கிப் பாகம் கழற்றுவதும் வழக்கம். அப்படிக் கழற்றும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். நமது துணிக்கூரைக் கார் இரண்டு கதவுக் கார். பின்னால் ஏறுவதற்கு முன் இருக்கை மடங்கியே ஆக வேண்டும். நாலு கதவுள்ள மூடிய மைனரின் இருக்கைக்கு அந்தத் தேவையில்லை. மடித்த கூரைக்கு இரு பக்கமும் இடம் விட வேண்டியிருப்பதால், துணிக்கூரைக் காரின் பின் இருக்கை ஒடுக்கமானது. மூடிய காரின் பின் இருக்கை அதில் உட்காராது. கிடைப்பதற்கு அரிதான பாகமும் துணிக்கூரைக் காரின் பின் இருக்கையே. ஆகவே உங்கள் காரின் பின் இருக்கைச் சட்டகம் எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும் எறிந்துவிடாதீர்கள்.

எங்கும் கிடைக்காததைச் செய்துதான் ஆக வேண்டும். நல்ல குஷன் வேலைக்காரர் ஒருவரின் கையைக் கவனியுங்கள். பழைய உறையைக் கிழித்து எடுக்கமாட்டார். பிளேடின் நுனியால் தையல் தையலாகப் பிரித்து, துண்டுகளைத் தரையில் பரப்பி, ஒவ்வொன்றின் பின்புறமும் இலக்கம் எழுதுவார். அந்தத் துண்டுகள்தான் புதிய உறைக்கு அளவு. நிறத்தையும் வெளிப்பக்கத்தில் பார்க்கமாட்டார். அறுபது வருட வெயில் அதை வெளிறச் செய்திருக்கும். மடிப்புக்குள், வெயில் படாத அரை அங்குலத்தில், தொழிற்சாலையிலிருந்து வந்த நிறம் அப்படியே இருக்கும். புதிய றெக்சினை அந்த இடத்தில் வைத்து ஒப்பிடுவார். விளிம்பில் ஓடும் பைப்பிங் எத்தனை தடிப்பு, கோடுகள் எத்தனை அங்குலத்துக்கு ஒன்று என்றெல்லாம் அளந்து குறித்த பிறகே தையல் இயந்திரத்தில் உட்காருவார். அந்தப் பொறுமைக்குத்தான் நாம் கூலி கொடுக்கிறோம்.

கதவு அட்டைக்கும் ஒரு பாடம் உண்டு. கண்ணாடி இறங்கும் பிளவு வழியாக மழைநீர் கதவுக்குள் போகும். அடியிலுள்ள துளைகளால் வெளியேற வேண்டும். துளை அடைபட்டால் அட்டை ஊறி நெளியும். அட்டையை மாற்றுபவர் துளையைச் சுத்தம் செய்து, அட்டைக்குப் பின்னே பொலித்தீன் விரிப்பு வைத்தால் அந்த வேலை நிலைக்கும். இல்லையென்றால் அடுத்த மாரிக்கே பழைய கதைதான்.

கூரையில் துணியைவிடச் சட்டகம் முக்கியம். முன்கண்ணாடிக்கு மேல் பொருந்தும் பட்டை மரத்தால் ஆனது. அது உளுத்திருந்தால் எந்த விலைத் துணியும் இழுத்து நிற்காது. முதலில் மரம், பிறகு இரும்பு வளைவுகள், கடைசியில் துணி. துணியை வெப்பமான நாளில் இழுத்துப் பூட்டி, அது படிந்து வரும்வரை சில காலம் மடிக்காமல் விட வேண்டும்.

பழுதுபார்த்துப் பழுதுபார்த்தே ஒரு காரை வாழ்நாள் முழுவதும் வைத்திருக்கலாம் என்று வாதிட்டவர் சார்ல்ஸ் வேர். இங்கிலாந்தின் பாத் நகரில் மைனருக்கென்றே ஒரு நிலையம் நடத்தினார். 1982இல் அந்த வாதத்தை விளக்கி நூலும் எழுதினார். மைனருக்கு உதிரிப் பாகங்கள் செய்யும் முயற்சியில் அவர் பின்னர் இலங்கையரோடும் கைகோத்தார். நமது கைவேலை அந்தக் காரின் தாயகத்துக்கே பயன்பட்டது என்பதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

புதுப்பித்த மைனர் ஒன்றை அடுத்த முறை பார்த்தால், உரிமையாளரிடம் அனுமதி கேட்டுக் கூரையை மடியுங்கள். கதவைத் திறந்து மூடுங்கள். முட்டாமல் ஒரே தடவையில் மூடினால் உடல் நேராக இருக்கிறது. அடுத்ததாகப் பின் இருக்கையில் ஏறி உட்காருங்கள். முன் இருக்கை ஒழுங்காக மடங்குகிறதா, தையல் நேராக ஓடுகிறதா, உறையின் நிறமும் கோடும் அந்தக் காரின் ஆண்டுக்குப் பொருந்துகின்றனவா, இரண்டு பிள்ளைகள் அங்கே சுகமாக இருந்து தூரப் பயணம் போகலாமா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் ஆம் என்ற பதில் வந்தால், வர்ணத்தில் சிறு கீறல் இருந்தாலும் அந்த வேலை முதல் தரமானது. குடும்பத்துக்காகச் செய்த கார் அது. குடும்பத்தை ஏற்றிப் போகத் தயாரான நாளில்தான் அதைப் புதுப்பிக்கும் வேலை முடிகிறது.