தூணின் தலையைப் படித்த பேராசிரியர்



நம் பாகூர் மூலநாதர் கோயில் பழைய கோயில் என்பது அதன் வாசலில் பூக் கட்டுகிற அம்மாவுக்கும் தெரியும். அது சோழர் தொடக்க காலத்துக் கற்றளி. ஆனால் ஒரு கோயிலில் கல்வெட்டே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எந்தக் காலத்துக் கோயில் என்பதை எப்படிச் சொல்வது? தூணின் தலையைப் பார்த்துச் சொல்லலாம் என்று காட்டியவர், புதுச்சேரியில் அறிவியல் பாடம் நடத்திய ஒரு கல்லூரி ஆசிரியர். அவர் பெயர் கப்ரியேல் ழூவோ துப்ரேய்.

பிரெஞ்சுக்காரர். 1885இல் பிறந்தவர். அவருக்குச் சம்பளம் கொடுத்தது அன்றைய காலனிக் கல்லூரியும் அதன் அறிவியல் வகுப்பும். வகுப்புக்கு வெளியே இருந்த வாழ்க்கை முழுவதையும் எடுத்துக்கொண்டவை தமிழ்நாட்டுக் கோயில்கள். 1914இல் பாரிசில் அவருடைய ஆய்வு இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. முதல் தொகுதி கட்டடக்கலை, இரண்டாவது தெய்வத் திருமேனிகள். அவருடைய கட்டடக்கலை ஆய்வு 1917இல் ஆங்கிலத்தில் சிறு நூலாகவும் வந்தது.

அவர் என்ன செய்தார்? தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் போதிகையைப் பார்த்தார். பல்லவர் காலத்தில் அது அலை அலையாக வளைந்திருக்கிறது. சோழர் காலத்தில் சரிவாக வெட்டப்பட்டு, நடுவில் ஒரு துண்டு முன்னே நீள்கிறது. விஜயநகரக் காலத்துக்கு வந்தால், அதே இடத்தில் பூமொட்டு தொங்குகிறது. கூரை விளிம்பில் வரிசையாக இருக்கும் கூடுகளையும் பார்த்தார். பல்லவர் கூட்டின் உச்சி மண்வெட்டி இலைபோலத் தட்டையாக இருக்கிறது. சோழர் கூட்டின் உச்சியில் சிங்கமுகம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. புதைபடிவங்களின் வடிவம் மாறுவதைக் கொண்டு பாறை அடுக்கின் வயதைச் சொல்கிறார்களே, அந்தக் கண் இது. அரசர் பெயரையும் தலபுராணத்தையும் நம்பி நின்ற ஓர் ஆராய்ச்சியை அவர் கல்லின் மேல் நிறுத்தினார்.

பல்லவர் 600 முதல் 850 வரை, சோழர் 1100 வரை, பாண்டியர் பாணி 1350 வரை, விஜயநகரம் 1600 வரை, அதற்குப் பிறகு மதுரைப் பாணி என்று அவர் காலத்தைப் பகுத்தார். எல்லாம் இருநூற்றைம்பது ஆண்டுத் துண்டுகள். வரலாறு அவ்வளவு சீராக நடக்காது. பின்னால் வந்த அறிஞர்கள் பல இடங்களில் இந்த எல்லைகளைத் திருத்தினார்கள். ஆனாலும் திருத்துவதற்கு ஒரு சட்டகம் அவரிடமிருந்துதான் கிடைத்தது.

சபையோரே, இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தப் படிப்பை அவர் புத்தகத்திலிருந்து மட்டும் எடுக்கவில்லை. கடலூரை ஒட்டிய திருப்பாதிரிப்புலியூரில் அன்று நடந்த திருப்பணியைப் பார்த்தார். உளி பிடித்திருந்த ஸ்தபதிகளிடம் ஒவ்வோர் உறுப்புக்கும் என்ன பெயர் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவருக்கு நம் கல்தச்சர்கள் ஆசான்கள்.

அவருக்கு முன்பும் இப்படி ஒருவர் வந்திருந்தார். லெ ழான்தீல் என்ற வானியலாளர். சூரியனை வெள்ளி கடந்து செல்வதைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வந்து காத்திருந்தார். 1769 ஜூன் மாதம், அந்த நாள் வந்தபோது மேகம் மூடிக்கொண்டது. ஆனால் வந்த காலம் வீண்போகவில்லை. சோழிகளை வைத்துக் கிரகணம் கணிக்கும் முறையை ஒரு தமிழரிடம் கற்றார். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் பழைய செங்கல் சுவர்கள் இருப்பதைக் கண்டு எழுதிவைத்தார்.

அந்த ஆற்றங்கரைதான் அரிக்கமேடு. மழை பெய்து மண் கரைந்தால் அங்கே மணிகள் வெளியே தெரியும். ஊர்ப் பிள்ளைகள் பொறுக்குவார்கள். அந்தப் பிள்ளைகளின் கையிலிருந்து ழூவோ துப்ரேய் மணிகளை வாங்கிச் சேர்த்தார். 1937இல் மனிதத் தலை செதுக்கிய ஒரு கல் வந்தது. அதை ரோமப் பேரரசர் அகஸ்டஸின் உருவம் என்று அவர் கருதினார். இது ரோமானியத் தொடர்புள்ள நகரம் என்று 1941இல் ஆளுநருக்கு எழுதினார். அதன் பிறகு ஃபோஷே, சுர்லோ என்ற பிரெஞ்சுக்காரர்கள் அங்கே தோண்டினார்கள். 1945இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் வந்து, இத்தாலிய மட்பாண்டங்களைக் கொண்டு அடுக்குகளின் காலத்தை உறுதிசெய்தார். அதே 1945இல்தான் ழூவோ துப்ரேய் மறைந்தார்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு ஒன்றை மறைத்துவிட்டு இறங்கினால் அது நேர்மையாகாது. 1920களில் காஞ்சிபுரம் பகுதியில் பத்தாம் நூற்றாண்டு யோகினிச் சிலைகளை இவர் கண்டார். அவை பாரிசில் கடை வைத்திருந்த சி.டி. லூ என்ற கலைப்பொருள் வணிகருக்குப் போய்ச் சேர, இவரே வழியாக இருந்தார். ஒரே கோயிலில் ஒன்றாக இருந்த பத்தொன்பது சிற்பங்கள் இன்று அமெரிக்கா, ஐரோப்பா, இந்தியா என்று சிதறி அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பத்மா கைமல் என்ற ஆய்வாளர் இந்த வரலாற்றைத் தனி நூலாகவே எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் பலரும் செய்ததுதான் என்பார்கள். கல்லின் அருமை தெரியாதவர் செய்திருந்தால் அப்படிச் சொல்லலாம். இவருக்கு அது தெரியும். அதனால் நம் மனம் இன்றும் வலிக்கிறது.

இதே மனிதர்தான் காஞ்சி கைலாசநாதர் கோயிலின் சிற்றாலயங்களில் பூச்சுக்கு அடியில் பல்லவர் ஓவியங்கள் இருப்பதை 1931இல் கண்டார். வெள்ளையடித்த சுவரைக்கூட உற்றுப் பார்க்கிற கண் அது. இன்று நம் கோயில்களில் திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீச்சியடித்துக் கல்லைத் தேய்க்கும்போதும், கல்வெட்டின்மேல் பெயின்ட் பூசும்போதும் அந்தக் கண் நமக்கு வேண்டும் என்று தோன்றுகிறது.

பாகூருக்கு அதைக் கேட்கும் உரிமை கூடுதலாகவே உண்டு. நிருபதுங்க பல்லவனின் செப்பேடுகள் 1879இல் இந்த ஊரில் கிடைத்தன. ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கே இருந்த வித்தியாஸ்தானத்துக்கு, அதாவது கல்லூரிக்கு, மூன்று ஊர்களைத் தானம் கொடுத்த சாசனம் அது. பாரிசில் பல்கலைக்கழகம் எழுவதற்கு முன்பே இங்கே உயர்கல்வி நடந்திருக்கிறது.

அந்த மரபு அறுந்துவிடவும் இல்லை. நம் பாகூர் சு. குப்புசாமி அவர்கள் தொகுத்து, கோ. விஜயவேணுகோபால் பதிப்பித்த புதுச்சேரிக் கல்வெட்டுகள், பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்களின் வெளியீடாக 2006 முதல் அச்சில் இருக்கின்றன. இந்த ஊர்க்காரர் தொகுத்த நூல் இந்த ஊர்ப் பள்ளிக்கூட அலமாரியில் இருக்க வேண்டாமா? பாகூர், வில்லியனூர்க் கொம்யூன்களின் ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளி நூலகத்துக்கும் அந்தத் தொகுதிகளைக் கல்வித் துறை வாங்கித் தர வேண்டும். எந்தக் கோயிலில் திருப்பணி தொடங்கினாலும், முதல் நாளே கல்வெட்டுகளையும் போதிகைகளையும் படம்பிடித்து ஆவணமாக்க வேண்டும். இங்கே அமர்ந்திருக்கும் அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளைகளை அளவுநாடாவோடும் நோட்டோடும் மூலநாதர் கோயிலுக்கு அழைத்துப் போங்கள். வில்லியனூர், திருவாண்டார்கோயில், மதகடிப்பட்டு, திருபுவனை எல்லாம் பேருந்தில் போய்வரக்கூடிய ஊர்கள். கூட்டின் உச்சியில் சிங்கம் இருக்கிறதா, போதிகை எப்படி வெட்டப்பட்டிருக்கிறது என்று அவர்களே வரையட்டும். இந்த மூன்றையும் இன்றைய கூட்டத்தின் தீர்மானமாக நிறைவேற்றித் தரும்படி அவைத் தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.